அத்தையும் அரைக் கிலோ மணல் பையும்

எங்கள் வீட்டுக் கூடத்தில் திங்கள், புதன், வெள்ளி மூன்று நாட்களும் காலை ஏழரை மணிக்கு ஒரு வேடிக்கை நடக்கும். எழுபது வயதான என் மாமியார், கைப்பிடி இல்லாத மர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கணுக்காலிலும் மணல் பையைக் கட்டிக்கொண்டு, "முருகா... முருகா..." என்று வாய்விட்டுச் சொல்லியபடி ஒவ்வொரு காலாக நீட்டி மடக்குவார். பால் போட வரும் பையன் முதல் நாள் பார்த்துவிட்டு, "என்னக்கா, அப்பத்தாவுக்கு ஏதாச்சும் வேண்டுதலா?" என்று கேட்டான். வேண்டுதல் இல்லை, வைத்தியம். அத்தைக்கு ரத்தக் கொதிப்பு.

"ரத்தக் கொதிப்புக்காரருக்கு எடை தூக்கும் பயிற்சியா? நல்ல கூத்து!" என்று நீங்கள் பதறுவது எனக்குத் தெரிகிறது. இரண்டு வருடத்துக்கு முன்னால் யாராவது என்னிடம் இப்படிச் சொல்லியிருந்தால் நானும் சண்டைக்குத்தான் போயிருப்பேன். நான் பிளஸ் டூ வரை படித்தவள். டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. எங்கள் வீட்டில் நடந்ததையும், அதையொட்டிக் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் மட்டும்தான் சொல்லப் போகிறேன்.

அத்தைக்கு ஐம்பத்தெட்டு வயதில் ரத்தக் கொதிப்பு என்று கண்டுபிடித்தார்கள். அதுவரை அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே கிடையாது. கிணற்றில் தண்ணீர் இறைப்பார், தவலைத் தண்ணீரை இடுப்பில் வைத்து இரண்டு படி ஏறுவார், தீபாவளிக்கு வீட்டிலேயே மாவு இடிப்பார். டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்து, "ரொம்ப அலட்டிக்காதீங்கம்மா" என்று ஒரு வார்த்தை சொன்னார். அந்த ஒரு வார்த்தையை நாங்கள் சட்டமாக்கிவிட்டோம். "அத்தை, குடத்தைத் தொடாதீங்க", "அத்தை, குனியாதீங்க", "அத்தை, நீங்க போய் உட்காருங்க." அன்பினால்தான் செய்தேன். மறைப்பானேன், கொஞ்சம் பயமும் இருந்தது. உடம்பு சரியில்லாத மாமியாரை மருமகள் வேலை வாங்குகிறாள் என்று நாலு பேர் சொல்லிவிட்டால்?

முதலில் அவர் முரண்டு பிடித்தார். "ஏத்தா, எனக்கென்ன கேடு? கை காலெல்லாம் நல்லாத்தானே இருக்கு" என்பார். பிறகு பழகிவிட்டது. டி.வி. முன்னால் நாற்காலி, கைக்கெட்டும் தூரத்தில் செம்பு, சாப்பாடு இருந்த இடத்துக்கே வந்துவிடும். பத்து வருடத்தில் தொடை இரண்டும் வற்றிப்போய்ப் புடவை கொசுவம் இடுப்பில் நிற்காமல் நழுவ ஆரம்பித்தது. "வயசாச்சில்ல" என்று சொல்லிக்கொண்டோம். ரத்தக் கொதிப்பாவது குறைந்ததா என்றால் அதுவும் இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஐப்பசி மாதம், நான் ரேஷன் கடைக்குப் போயிருந்தேன். அத்தை குளியலறையில் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். கீழே விழுந்தார் என்றுகூடச் சொல்ல முடியாது, மெதுவாகச் சரிந்து உட்கார்ந்ததுதான். அடி இல்லை. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. நான் திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. ஈரத் தரையில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. "கையை ஊன்றிப் பாத்தேன், கைக்குத் தெம்பு இல்லை. காலை ஊன்றிப் பாத்தேன், அது என் கால் மாதிரியே இல்லத்தா" என்றார். தவலை சுமந்த கால் அது.

எக்ஸ்ரேயில் எலும்புக்கு ஒன்றுமில்லை. ரத்த அழுத்தம்தான் 164/94 இருந்தது. டாக்டர் எங்களை ஒரு பிசியோதெரபிப் பெண்ணிடம் அனுப்பினார். முப்பது வயதுகூட இருக்காது. அத்தையைக் கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்காரவைத்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு எழுந்து எழுந்து உட்காரச் சொன்னாள். முப்பது வினாடியில் எத்தனை தடவை என்று எண்ணுவார்களாம். அத்தைக்கு அப்போது அறுபத்தெட்டு. அந்த வயதுப் பெண்மணி 11 தடவைக்குக் குறைந்தால் விழுந்துவிடும் ஆபத்து உண்டு என்று கணக்காம். அத்தையால் ஒரு தடவைகூட எழ முடியவில்லை. அந்தப் பெண் என்னைத் தனியே கூப்பிட்டு, "அக்கா, நீங்க பாட்டியை நல்லா பாத்துக்கிறீங்க. ரொம்ப நல்லா பாத்துக்கிட்டதாலதான் இப்படி ஆயிருக்கு" என்றாள். கன்னத்தில் அறைந்தது போல் இருந்தது.

பிறகு பொறுமையாக விளக்கிச் சொன்னாள். முப்பது வயதுக்கு மேல் பத்து வருடத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரை நம் தசை தானாகவே கரைகிறதாம். அறுபதுக்கு மேல் அந்த வேகம் இன்னும் கூடுமாம். அதோடு உட்காரவும் வைத்துவிட்டால் கேட்கவா வேண்டும்?

சரி, தசைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் என்ன சம்பந்தம்? நானும் இதைத்தான் கேட்டேன். செடிக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் அதே வேகத்தில் ஓடுகிறது. குழாய் தளர்வாக இருந்தால் தண்ணீர் சுலபமாகப் போகும். இறுகிப்போனால் உள்ளே அழுத்தம் ஏறும். இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது இருப்பது மேல் எண், விரிந்து ஓய்வெடுக்கும்போது இருப்பது கீழ் எண். 120/80க்குள் இருந்தால் நிம்மதி. 140/90ஐ எட்டிவிட்டால் ரத்தக் கொதிப்பு. தசைகளுக்கு முறையாக வேலை கொடுத்து வந்தால் அவற்றுக்குள் ஓடும் சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் விரிந்துகொடுக்கப் பழகுகின்றன. குழாய் தளர்ந்தால் இதயத்துக்கு அத்தனை முக்க வேண்டாம்.

இதைவிட என் மனசில் பதிந்தது அவள் சொன்ன வாளிக் கணக்குதான். ஒரு வாளித் தண்ணீர் 15 கிலோ என்று வையுங்கள். 50 கிலோ தூக்கும் தெம்புள்ளவளுக்கு அது ஒன்றுமே இல்லை. பேசிக்கொண்டே தூக்கிப் போவாள். 16 கிலோதான் தூக்க முடியும் என்கிறவளுக்கு அதே வாளி உயிரைக் கொடுத்துத் தூக்கும் வேலை. பல்லைக் கடித்து, மூச்சைப் பிடித்து, முகம் சிவக்கத் தூக்குவாள். அந்த நேரத்தில் அவள் ரத்த அழுத்தம் எங்கேயோ போய் நிற்கும். ஆக, பலவீனம்தான் வாளியை ஆபத்தாக்குகிறது. நாங்கள் பத்து வருடமாக வாளியைப் பார்த்துத்தான் பயந்துகொண்டிருந்தோம்!

என் கணவர் சுலபத்தில் ஒத்துக்கொள்ளவில்லை. "இந்த வயசுல எங்கம்மாவைப் பயில்வானாக்கப் போறியா? எசகுபிசகா மூளையில ரத்தக் குழாய் வெடிச்சா யார் பதில் சொல்றது?" என்று சத்தம் போட்டார். சென்னையிலிருந்து நாத்தனார் போன் பண்ணி, "மதினி, அம்மாவைப் பேசாம உட்கார விடுங்களேன்" என்றாள். அவர்கள் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பயத்துக்கு ஆதாரம் இருக்கிறது.

1985ஆம் ஆண்டு கனடாவில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஐந்து உடற்கட்டுப் பயிற்சியாளர்களின் கை ரத்தக் குழாய்க்குள்ளேயே அளவுக் கருவியைப் பொருத்தி, இனி முடியாது என்கிற வரை கனமான எடையைக் காலால் தள்ளச் சொன்னார்கள். அழுத்தம் சராசரியாக 320/250 வரை போனது. ஒருவருக்கு 480/350ஐத் தாண்டியது! இப்படி எண்கள் வந்தால் வைத்தியர்கள் பயப்பட மாட்டார்களா? ஆனால் கவனியுங்கள். அவர்கள் வாலிபர்கள், தூக்கியது முழு பலத்தோடு, அதுவும் மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. மூச்சைப் பிடித்து முக்கும்போது மார்புக்குள் அழுத்தம் கூடி, ரத்த அழுத்தமும் எகிறிவிடுகிறது. மலச்சிக்கலில் முக்குவது ரத்தக் கொதிப்புக்காரருக்கு ஆகாது என்று சொல்வதும் இதனால்தான். லேசான எடை, விடாத மூச்சு என்று போனால் கதையே வேறு.

வயதானவர்களைப் பற்றியும் ஒரு ஆராய்ச்சி உண்டு. 1990இல் வெளியானது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் 86 முதல் 96 வயது வரையுள்ள 10 பேருக்கு எட்டு வாரம் கால் தசைகளுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். 9 பேர் முழுசாக முடித்தார்கள். கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் கைத்தடியையே விட்டுவிட்டார்கள். இதை என் மகன் படித்துச் சொன்னபோது அத்தை, "தொண்ணூறு வயசுக் கெழவியே தூக்கியிருக்கா, எனக்கென்ன வந்துச்சு?" என்றார். அத்தோடு வீட்டில் வாக்குவாதம் முடிந்தது. இந்த மாதிரி விஷயத்தில் மகன் பேச்சும் எடுபடாது, மருமகள் பேச்சும் எடுபடாது. அவரவர் ரோஷம்தான் வேலை செய்யும்.

டாக்டரும் அனுமதி கொடுத்தார், ஆனால் உடனே அல்ல. முதலில் மூன்று வாரம் மாத்திரையை வேளை தவறாமல் கொடுத்து அழுத்தத்தை இறக்கச் சொன்னார். (முன்பெல்லாம் மாத்திரை தீர்ந்துபோனால் வாங்கி வர நாலு நாள் ஆகும். அந்த லட்சணத்தில்தான் இருந்தோம்.) இ.சி.ஜி. எடுத்தார். அத்தைக்குக் கொஞ்சம் சர்க்கரையும் உண்டு, அதனால் கண் பரிசோதனையும் செய்யச் சொன்னார். சர்க்கரையால் கண்ணின் உள்திரையில் ரத்தக் குழாய்கள் பழுதாகியிருந்தால் இந்தப் பயிற்சி கெடுதலாக முடியலாமாம். சும்மா இருக்கும்போதே அழுத்தம் 180/110க்கு மேல் உள்ளவர்கள், நெஞ்சு வலி உள்ளவர்கள், இதய வால்வு சுருங்கியவர்கள் எல்லாம் டாக்டர் சொல்லும் வரை இதைத் தொடவே கூடாது. இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு நாளைக் காலையிலேயே உங்கள் வீட்டுப் பெரியவர் காலில் மணல் பையைக் கட்டிவிடாதீர்கள். முதலில் டாக்டரைக் கேளுங்கள்.

இனி எங்கள் கூடத்துப் பயிற்சிக்கு வருகிறேன். பெரிய செலவு எதுவும் கிடையாது.

முதல் பயிற்சி, நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதை மட்டுமாவது செய்யுங்கள் என்றாள் அந்தப் பெண். நாற்காலியின் முதுகு சுவரோடு ஒட்டியிருக்க வேண்டும், வழுக்கக் கூடாது. ஆரம்பத்தில் அத்தைக்கு இரண்டு தலையணை போட்டு உயரமாக்கினோம். முன்னால் நான் நின்றுகொண்டு கையைக் கொடுப்பேன். பத்து நாளில் ஒரு தலையணை போனது, ஒரு மாதத்தில் இரண்டாவதும் போனது. உட்காரும்போது தொப்பென்று விழாமல் மெதுவாக, மூன்று எண்ணிக்கையில் இறங்க வேண்டும். பலம் கூடுவதில் பாதி இந்த இறக்கத்தில்தான் இருக்கிறதாம்.

அடுத்தது சுவரைத் தள்ளுவது. சுவரிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி நின்று, உள்ளங்கைகளை மார்பு உயரத்தில் ஊன்றி, முழங்கையை மடக்கி முன்னால் சாய்ந்து திரும்பத் தள்ளி நிமிர வேண்டும். மூன்றாவது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது. இதை நான் ரசம் கொதிக்கிற நேரத்தில் செய்கிறேன், உங்களுக்கும் ஆகும். நான்காவதுதான் மணல் பை. ஐந்தாவது தண்ணீர் பாட்டில். அரை லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பினால் அரைக் கிலோ, ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ, கடையில் டம்பெல் வாங்க வேண்டியதில்லை. கைக்கொன்றாகப் பிடித்து முழங்கையை மடக்கி நீட்ட வேண்டும். இறுக்கிப் பிடிக்கக் கூடாது. ஆறாவதற்கு ஒரு எலாஸ்டிக் பட்டை வேண்டும். அதை ஜன்னல் கம்பியில் மாட்டி, இரண்டு கையாலும் கயிறு இழுப்பது போல மார்பை நோக்கி இழுப்பது. இதைப் பார்த்ததும் அத்தை, "இது நம்ம கெணத்துக் கயிறுல்ல!" என்று சிரித்துவிட்டார். பல வருடம் கழித்துக் கிணற்றில் நீர் இறைத்த சந்தோஷம் அவர் முகத்தில்.

ஒவ்வொன்றும் பத்துத் தடவை. பிறகு இரண்டு நிமிடம் ஓய்வு. முதல் மாதம் ஒரு சுற்று, பிறகு இரண்டு சுற்று, இப்போது மூன்று. ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான். தசை தேறுவது ஓய்வு நாளில்தானாம். எவ்வளவு எடை என்று எப்படித் தெரிந்துகொள்வது? பத்தாவது தடவை முடிக்கும்போது "இன்னும் மூணு, நாலு தடவை முடியும்" என்று தோன்ற வேண்டும். அதுதான் அளவு. முகம் சுளித்துப் பல்லைக் கடிக்கும்படி இருந்தால் அதிகம். இருபது தடவை செய்யலாம் என்றால் குறைவு.

மூச்சு விஷயத்தை மறுபடியும் சொல்கிறேன், ஏனென்றால் முழு விஷயமும் இதில்தான் இருக்கிறது. பாரத்தைத் தூக்கும்போது மூச்சை வெளியே விட வேண்டும், இறக்கும்போது உள்ளே இழுக்க வேண்டும். அத்தைக்கு இது பிடிபடவே இல்லை. தூக்கும்போதெல்லாம் உதட்டை மூடிக்கொண்டு விடுவார். வாய்விட்டு எண்ணச் சொன்னால் எண்ணிக்கை தவறிக் கோபம் வரும். கடைசியில் அவரே கண்டுபிடித்ததுதான் "முருகா". அந்தப் பெண்ணுக்கு ஒரே மகிழ்ச்சி. "சூப்பர் பாட்டி! பேசிக்கிட்டே மூச்சைப் பிடிக்க யாராலயும் முடியாது" என்றாள். நீங்கள் உங்கள் இஷ்ட தெய்வத்தைக் கூப்பிடுங்கள்.

முடித்தவுடன் தொப்பென்று படுக்கக் கூடாது. பயிற்சிக்குப் பிறகு அழுத்தம் கொஞ்ச நேரம் சாதாரணத்தைவிடத் தாழும். ரத்தக் கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றலாம். ஐந்து நிமிடம் கூடத்துக்குள் மெதுவாக நடந்துவிட்டுத் தண்ணீர் குடிப்பார் அத்தை. நடுவில் நெஞ்சு இறுகினாலோ, மூச்சு வாங்கினாலோ, கண் இருண்டாலோ அந்த நிமிடமே நிறுத்திவிட வேண்டும்.

அசையாமல் செய்யும் பயிற்சிகளும் இருக்கின்றன. 2023இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 270 ஆராய்ச்சிகளை, அதாவது 15,827 பேரைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். நடை, ஓட்டம் போன்றவற்றால் மேல் எண் சராசரியாக நாலரைப் புள்ளி குறைந்தது. எடைப் பயிற்சியிலும் அதே நாலரைதான். சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி அசையாமல் நிற்பது, கைப்பிடியை அழுத்திப் பிடிப்பது போன்றவற்றில் 8 புள்ளி வரை குறைந்தது. அத்தைக்கு முழங்கால் வலி. அதனால் சுவர்ப் பயிற்சி வேண்டாம் என்று சொல்லி, ரப்பர் பந்து கொடுத்தாள் அந்தப் பெண். மொத்த பலத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் கொடுத்து 2 நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும், 1 நிமிடம் ஓய்வு, இப்படி நான்கு தடவை. டி.வி. பார்த்தபடியே செய்கிறார். சீரியலில் மருமகளைக் கொடுமைப்படுத்தும் காட்சி வந்தால் மட்டும் மூன்றில் ஒரு பங்கு முழு பலமாகிவிடுகிறது, நான்தான் பந்தை வாங்கி வைக்க வேண்டும்!

"நாலு புள்ளிக்கா இத்தனை பாடு?" என்று என் கணவரும் கேட்டார். 2021இல் லான்செட் என்ற மருத்துவ இதழில், மாத்திரை ஆராய்ச்சிகளில் கலந்துகொண்ட மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கணக்கு வெளிவந்தது. மேல் எண் 5 புள்ளி குறைந்தாலே மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய ஆபத்துகள் பத்தில் ஒரு பங்கு குறைகின்றன என்று அதில் கண்டார்கள். அது மாத்திரையால் குறைந்த கணக்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மாத்திரை என்றதும் எங்கள் வீட்டில் நடந்த ஒரு கூத்தைச் சொல்லத்தான் வேண்டும். பயிற்சி தொடங்கி மூன்றாம் மாதம் அத்தைக்கு 136/84 இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் வந்து, "அதான் பயிற்சியிலயே எறங்கிருச்சே, அப்புறம் எதுக்கு அந்த விஷத்தை முழுங்கிக்கிட்டு?" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எனக்குத் தெரியாது. நான் தினமும் ராத்திரி மாத்திரையும் தண்ணீரும் கொடுப்பேன், அத்தையும் வாயில் போடுவார். ஒரு நாள் காலையில், "தலை கனக்குதுத்தா, பிடரியெல்லாம் வலி" என்றார். பார்த்தால் 172/100! பதறியடித்து டாக்டரிடம் ஓடினோம். திரும்பி வந்தபின் வெற்றிலைப் பெட்டியைத் துடைக்க எடுத்தேன், சுண்ணாம்பு டப்பிக்கு அடியில் காகிதத்தில் மடித்து 19 மாத்திரைகள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அத்தை குழந்தை மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு மாத்திரை சுமாராக 8, 10 புள்ளி இறக்கும், பயிற்சி 4, 5 புள்ளி. ஒன்று மற்றொன்றுக்குத் துணையே தவிர பதில் ஆகாது என்று டாக்டர் சொன்னபின் சமாதானமானார். குறைப்பதோ நிறுத்துவதோ டாக்டர் வாயிலிருந்துதான் வர வேண்டும். இப்போது மாத்திரையை விழுங்கியபின் "ஆ" காட்டச் சொல்கிறேன். காட்டுகிறார், முறைத்துக்கொண்டே.

இன்றைய நிலவரம் 138/82 பக்கத்தில் நிற்கிறது. அத்தனையும் மணல் பையால்தான் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். மாத்திரை ஒழுங்காகப் போகிறது. அப்பளம், வடகம், ஊறுகாய் மூன்றையும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கிவிட்டோம். ஒரு நாளைக்கு ஆளுக்கு 5 கிராமுக்குள் உப்பு, அதாவது ஒரு சின்ன ஸ்பூன் மட்டமாக. எது எத்தனை புள்ளி இறக்கியது என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது. ஆனால் நாற்காலிக் கணக்கு பயிற்சிக்கு மட்டுமே சொந்தம். ஒரு தடவைகூட எழ முடியாதவர் போன மாதம் முப்பது வினாடியில் 12 தடவை எழுந்தார்.

வீட்டில் பி.பி. பார்ப்பவர்கள் கொஞ்சம் முறையாகப் பாருங்கள். காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், சிறுநீர் கழித்துவிட்டு வர வேண்டும். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் படும்படி 5 நிமிடம் சும்மா உட்கார்ந்து, கையை நெஞ்சு உயரத்தில் மேஜை மேல் வைத்துப் பார்க்க வேண்டும். அப்போது பேசக் கூடாது. அத்தையைப் பேசாமல் வைப்பதுதான் எனக்குப் பெரிய பாடு. காலண்டரில் அந்தந்தக் கட்டத்திலேயே எண்ணைக் குறித்துவிடுகிறேன்.

தனியாக பிசியோதெரபிக்குச் செலவழிக்க வசதியில்லாதவர்கள் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்தக் கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகளோடு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பதையும் சேர்த்திருந்தார்கள்.

இளம் தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. கர்ப்பமாக இருக்கும்போது பி.பி. ஏறியிருந்தால், பிரசவத்துக்குப் பின் இறங்கிவிட்டதே என்று அதை மறந்துவிடாதீர்கள். அப்படிப்பட்டவர்களுக்குப் பிற்காலத்தில் ரத்தக் கொதிப்பு வர வாய்ப்பு அதிகம். எனக்கு இரண்டாவது பிரசவத்தில் ஏறியது. யாரும் பிறகு பார்க்கச் சொல்லவில்லை, நானும் பார்க்கவில்லை. அத்தைக்காக வாங்கிய மெஷினில் விளையாட்டாக என் கையை நுழைத்துப் பார்த்தேன், 134/88! எனக்கு நாற்பத்தாறு வயது. அன்றிலிருந்து கூடத்தில் இரண்டு நாற்காலி. நான் பதினைந்து தடவை எழுந்தால் அத்தை ஓரக்கண்ணால் பார்த்து, "சின்னப் பொண்ணு, இதுகூடச் செய்யலைன்னா எப்படி" என்பார்.

மணல் பை தைப்பது எப்படி என்று கேட்டு எழுதுவீர்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆற்று மணலை அலசி நன்றாகக் காயவையுங்கள். மகனின் பழைய ஜீன்ஸ் கால் இதற்கு ரொம்பப் பொருத்தம். ஒரு சாண் நீளம் வெட்டி, நடுவில் இரண்டு தையல் ஓட்டி மூன்று அறையாகப் பிரித்தால் மணல் ஒரு பக்கமாகச் சேராது. மளிகைக் கடைத் தராசில் அரைக் கிலோ நிறுத்துப் போட்டு, வாயைத் தைத்து, இரண்டு ஓரத்திலும் நாடா வையுங்கள். அடுத்து ஒரு கிலோ பை வேண்டியிருக்கும், அத்தை ஐந்தாம் மாதம் அதற்கு மாறினார். தையல் இரட்டையாகப் போடுங்கள். நான் ஒற்றைத் தையல் போட்டு, போன வெள்ளிக்கிழமை பை பிய்த்துக்கொண்டு கூடம் முழுக்க மணல். நான் விளக்குமாற்றை எடுத்து வருவதற்குள் அத்தை குனிந்து கையாலேயே பாதியை வாரிவிட்டார்.